ஐந்து நொடி கறுப்பு, ஐந்து நொடி வெள்ளை

துவாஸில் எனக்குச் சம்பளம்
பார்ப்பதற்கு.
குப்பியைக் கவிழ்த்து, மெல்லச் சுழற்றி
கறுப்புப் பலகைக்கு முன் ஐந்து நொடி,
வெள்ளைப் பலகைக்கு முன் ஐந்து நொடி.
கறுப்பில் இழை தெரியும்.
வெள்ளையில் கரி தெரியும்.
இரண்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால்
அது மருந்து.

அந்த வருடம் மூடிகள் வரவில்லை.
எங்கோ ஒரு துறைமுகத்தில்
யாரோ கையெழுத்திட்ட தடையின் கீழ்
நாலு லட்சம் ரப்பர் மூடிகள் படுத்துக் கிடந்தன.
கூலாயில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்தவள் நான்.
மூடி இல்லையென்று பதினேழு நாள்
கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன்.
"இது மரத்து ரப்பரே இல்லை" என்றார் குவெக்.
துகள் உதிராத ஒரு மூடி செய்ய
ஓர் ஊரே முப்பது வருடம்
தோற்றுத் தோற்றுப் பழக வேண்டுமாம்.
அந்த ஊரின் பெயர்
எனக்கு வாயில் நுழையவில்லை.

பாலம் மூடிய இரவு
என்னிடம் இருந்தவை இரண்டு மாற்றுடை,
பாதி தீர்ந்த பற்பசை.
நிறுவனம் ஜூரோங் வெஸ்டில் அறை பிடித்துத் தந்தது,
நாலு பேருக்கு:
பொந்தியான் ரோஸ்னானி,
ஈப்போவின் சியூ மின்,
இலோய்லோவிலிருந்து வந்த மரிசெல்,
நான்.
தொலைக்காட்சியில் ஒருவர்
'நமது சொந்தத் திறன்' என்று
மேசையைத் தட்டினார்.
நாங்கள் ஒரே சட்டியில்
மெகி கிண்டிக்கொண்டிருந்தோம்.
குளிர்சாதனப் பெட்டிமேல் நாலு கடப்பிதழ்கள்,
ஒன்றிலும் சிங்கம் இல்லை.

மூடிகள் எப்படி வந்தன என்பது
எந்த அறிக்கையிலும் இல்லை.
நள்ளிரவில் குவெக்
பண்டுங்கிலிருந்த ஒருத்தியை அழைத்தார்.
எப்போதோ ஒரு மாநாட்டில்
குடையைப் பகிர்ந்துகொண்ட பழக்கம்.
அவள் தன் கிடங்கில் பாதியைத் தந்தாள்.
பதிலுக்குக் கேட்டது பணமல்ல:
"ஒரு வாரம் உங்கள் ஆட்களின் கண்கள்."

கொடுக்க ஒன்று இருந்தால்தான்
கேட்க வாய் வரும் போலிருக்கிறது,
மனிதருக்கும், தீவுக்கும்.

அவர்களின் குப்பிகள் பனிக்கட்டியில் வந்தன.
பதினொன்றில் நீல இழை.
குறைத்து எழுதலாமா என்று
ஒரு கணம் நினைத்ததுண்டு,
மூடி தந்தவர்கள் ஆயிற்றே.
பதினொன்று என்றே எழுதினேன்.
யாருடைய நூல் என்று கேட்கும் கட்டம்
படிவத்தில் இல்லை.

பிறகு பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று
குவெக் ஒரு பட்டியல் போடச் சொன்னார்.
விதைக்கிருமி மெல்பர்ன்.
கொழுப்பு ஒசாகா.
கலக்கும் பை, அதை இறுக்கும் வளையம்,
வளையத்துக்கு வழவழப்பு தரும் எண்ணெய்
எல்லாம் எங்கெங்கோ.
முதலில் கை நீட்டிச் சோதனைக்கு நின்றவர்கள்
மூன்று நாட்டு மக்கள்.
"இதில் நம்முடையது?"

குளிரூட்டி மட்டும் உறுமியது.

"தண்ணீர்" என்றாள் ரோஸ்னானி.
உண்மைதான்.
ஊசிக்கான தண்ணீரை இங்கேதான் வடிக்கிறோம்,
கண்ணீரைவிடச் சுத்தமாக.
உடனே அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்:
"அதுலயும் கொஞ்சம்
எங்க ஊர்லேர்ந்து குழாயில வருதே."

குவெக் சிரித்ததில் முகக்கவசம் நழுவியது.
ஆனாலும் அந்தக் கட்டத்தில் என்னவோ எழுதினார்.
என்னவென்று
கடைசிவரை காட்டவில்லை.

என் முறை வந்தது ஒரு புதன்கிழமை,
சமூக மன்றத்தின் பூப்பந்துக் கூடத்தில்.
தாதி குப்பியை எடுத்தாள்.
"ஒரு நிமிஷம், தூக்கிப் பிடிக்கிறீங்களா?"
"பயமா?"
"இல்லை, பழக்கம்."
அவளுடைய தலைமுடிக்கு முன் ஐந்து நொடி.
அங்கிக்கு முன் ஐந்து நொடி.
பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை.
சட்டைக் கையை
மேலே சுருட்டினேன்.